வேலூர் வெயில்: தண்ணீர்ப் பந்தல் தெருவுக்கு, வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு என்ன?

அகழிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

சித்திரை பிறந்தாச்சு, பந்தல் படங்களும் வரத் தொடங்கியாச்சு. கட்சிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், தர்பூசணி, மோர், ரிப்பன் வெட்டு. நான் கிண்டல் செய்ய வரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி லாங்கு பஜார் வரை மூட்டையோடு நடக்கிறவருக்கு அந்த ஒரு டம்ளர் மோர் பெரிய விஷயம்.

நகர்ப்புற செவிலியராகச் சந்து சந்தாகச் சுற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இந்த ஊரில் வெயிலுக்கு அடிபடுகிறவர்கள் எல்லாரும் தெருவில்தான் இருக்கிறார்களா? சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா, சைதாப்பேட்டை மலையடிவாரம் என்று போய்ப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, மேலே சிமெண்ட் ஷீட், ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கும். உள்ளே பீடி சுற்றுகிற அம்மா, கைக்குழந்தை, படுத்த படுக்கையாக ஒரு பாட்டி. இவர்கள் யாரும் பந்தலுக்கு வரப்போவதில்லை.

இன்னொன்று, மாநகராட்சியும் டிவியும் பேசுவது மதியம் இரண்டு மணி வெப்பத்தை. உடம்பு தாங்குமா தாங்காதா என்பதை ராத்திரிதான் முடிவு செய்கிறது. பகலெல்லாம் சூடேறிய ஷீட்டும், ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறையும் விடியற்காலை வரை அனல் விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி உடம்பு ஆறவில்லை என்றால் மறுநாள் வெயிலை அது பழைய பாக்கியோடுதான் சந்திக்கிறது. வயதானவர்கள், சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் சரிந்து விழுவது இப்படித்தான்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல திட்டம். ஆனால் அதில் சிறுநீரைப் பிரியவைக்கும் மாத்திரையும் சிலருக்கு இருக்கும். கோடையில் தண்ணீரும் உப்பும் அதிகமாக வெளியேறும்போது அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்ல ஆள் வேண்டும். (யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து.)

பந்தல் இருக்கட்டும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு நாம் என்ன கேட்கலாம்? சொல்லுங்கள், மனுவாக எழுதிக் கொடுப்போம்.

காட்பாடி ஜங்ஷன்

சிஸ்டர், மரியாதையோடு சொல்கிறேன், வேலூருக்கு வெயில் புதுசா? எங்கள் தாத்தா காலத்திலும் இதே வெயில்தான், இதே மொட்டை மலைதான். ஆற்றில் தண்ணீர் இல்லை, மலையில் மரம் இல்லை என்று ஊரே பழமொழி வைத்திருக்கிறது. அப்போதெல்லாம் யாரும் ‘வெப்ப அலை’ என்று பேசியதில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் பருவநிலை மாற்றம். மாநகராட்சி குப்பையை ஒழுங்காக எடுத்தால் போதும், மற்றதை மக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கஸ்பா வீட்டுப் பொண்ணு

ஜங்ஷன் அண்ணா, உங்கள் தாத்தா சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே படுத்தாரா? எங்கள் தாத்தா ஓட்டு வீட்டுத் திண்ணையில் படுத்தார். அந்தத் திண்ணை இருந்த இடத்தில் இப்போது இன்னொரு குடித்தனம் இருக்கிறது.

அம்மா பீடிதான். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய இலைக்கட்டு. வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பீடி சுற்றும்போது ஃபேன் போட முடியாது. போட்டால் தூள் பறக்கும், இலை காய்ந்து மடிக்கும்போதே கிழியும். கிழிந்த இலைக்கும் பறந்த தூளுக்கும் கணக்கு அம்மா தலையில்தான், குறைந்த கட்டுக்குக் கூலி கிடையாது. அதனால் ஃபேன் இருக்கிற வீட்டிலும் மதியம் முழுக்க ஃபேன் சும்மாதான் தொங்கும். கதவைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். தாகம் எடுத்தாலும் நிறையக் குடிக்க மாட்டார், பாத்ரூம் தெருக்கோடியில் பொதுக் கழிப்பறை. எழுந்து போய் வந்தால் ஒரு கட்டு போச்சு. வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு இருக்கும், அதைப் போய் யாரிடம் சொல்வது என்று விட்டுவிடுவார்கள்.

சத்துவாச்சாரி பேஸ் 2

அக்கா சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை மரம்தான். ஆற்காடு ரோட்டில் முன்பு இருந்த நிழல் இப்போது எங்கே? ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் 2016-ல் பெயர் வந்ததிலிருந்து தெருவுக்குத் தெரு சிமெண்ட் ரோடு, சுவரோடு சுவராக. மண் கண்ணில் படவே இல்லை. சிமெண்ட் ரோடு போட்ட வேகம் எப்படி என்று நாடே பார்த்தது. 2022-ல் நிறுத்திவைத்த பைக்கை நகர்த்தாமல் சக்கரத்தோடு சேர்த்து ரோடு போட்டார்கள், அப்புறம் அடிபம்பை எடுக்காமல் கால்வாய்க் கான்கிரீட்டுக்குள் வைத்துக் கட்டினார்கள். பைக்கையே பார்க்காதவர்கள் வேப்பங்கன்றையா பார்க்கப்போகிறார்கள்?

வார்டுக்கு நூறு மரம் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அகழிக்கரை

மரம் வேண்டும், மறுக்கவில்லை தம்பி. ஆனால் சின்ன அல்லாபுரத்துச் சந்தில் ஒரு ஆட்டோ நுழையாது, மரம் எங்கே வைப்பது? மரத்தை முதல் கோரிக்கையாக வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இடம் இருக்கிற காந்தி நகரிலும் ஹவுசிங் போர்டிலும் நடுவார்கள். ஏற்கனவே நிழல் இருக்கிற இடத்துக்கு இன்னும் நிழல் போகும்.

ஜங்ஷன் தம்பிக்கு: வெயில் பழசு என்பது சரி. அதனால்தான் சிக்கலே. வானிலை மையக் கணக்கில் சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல, அதிகபட்சம் 40 டிகிரியைத் தொட வேண்டும், கூடவே அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேராக 45 அடிக்க வேண்டும். நம் ஊரில் மே மாத இயல்பே 40-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. 43 அடித்தாலும் இயல்பைவிட 4.5 கூடவில்லை, ஆகவே கணக்குப்படி அது வெப்ப அலை இல்லை! எப்போதும் சுடுகிற ஊர் என்பதாலேயே நமக்கு எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கிறது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை, பணக் கணக்கும் கூட. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, அதனால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். நல்லது. ஆனால் ரோட்டில் மயங்கி விழுந்த தொழிலாளிக்காவது வெயில் என்று எழுதுவார்கள். ஷீட் வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்குப் போன பாட்டிக்கு என்ன எழுதுவார்கள்? மாரடைப்பு, முதுமை. முடிந்தது. இந்த ஊரில் நான் எத்தனையோ துக்க வீட்டுக்குப் போயிருக்கிறேன், ‘வெயிலால்’ என்று ஒரு வீட்டிலும் சொன்னதில்லை.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெயில் கொளுத்தியபோது அங்கேயும் சான்றிதழில் வெயில் என்று எழுதவில்லை. பிறகு உட்கார்ந்து அந்த மாதத்து மொத்த இறப்பை மற்ற வருடங்களோடு ஒப்பிட்டார்கள். 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் 2013-ல் நாட்டிலேயே முதலில் வெப்பச் செயல் திட்டம் போட்டது அந்த ஊர். நம் மாநகராட்சியிலும் பிறப்பு இறப்புப் பதிவேடு இருக்கிறது. 60 வார்டுக்கும் ஏப்ரல், மே, ஜூன் கணக்கை எடுத்து வைத்தால் எந்தத் தெருவில் வெயில் ஆளை அடிக்கிறது என்று தெரிந்துபோகும். செலவு ஒன்றும் இல்லை.

டிரம்மும் டார்ச்சும்

கொசு ஒழிப்பில் தினக்கூலிக்கு வேலை பார்த்தவன். வெயிலைப் பேசும்போது தண்ணீரைப் பேசாமல் விட்டால் பாதிதான் பேசியதாக ஆகும்.

எங்கள் வேலை இதுதான்: வீடு வீடாகப் போய் டிரம், தொட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டு, டயர், சிரட்டை எல்லாவற்றிலும் டார்ச் அடிப்பது. வெளிச்சம் பட்டதும் புழு நெளிந்து அடியில் ஓடும், அப்படித்தான் கண்டுபிடிப்போம். அபேட் மருந்து ஊற்றிவிட்டு, ‘தண்ணியைக் கொட்டுங்கம்மா’ என்று சொல்லி, சுவரில் தேதி எழுதிவிட்டு அடுத்த வீடு. என்னை நாய் துரத்தியதைவிட அம்மாக்கள் துரத்தியதுதான் அதிகம். ‘கொட்டச் சொல்றியே, அடுத்த தண்ணி எப்ப வரும்னு சொல்லு, கொட்டறேன்’ என்று ஒரு அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டேன், அவரிடமும் இல்லை.

தினமும் குழாயில் தண்ணீர் வருகிற வீட்டில் டிரம் எதற்கு? சேர்த்து வைக்கிற வீட்டில்தான் டெங்குக் கொசு. முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள். குழாய் வாரத்துக்கு ஒரு முறை வந்தால் கொசுவுக்கு நாமே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி. அந்த முட்டை தண்ணீருக்குள் இருக்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. திரும்ப ஊற்றினால் பொரியும். அதனால் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் உள்ளே சுற்றிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். வாய்க்குப் பழைய வேட்டித் துணி போட்டு சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினால் கொசு உள்ளே போகாது, தண்ணீரும் ஊற்றலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் வேண்டும். எங்களுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்த வீட்டுக் கணக்கில் அது முடியாது.

குழாயடி

தண்ணீர் வருகிற நேரமும் முக்கியம். எங்கள் பகுதியில் நடுராத்திரி வரும். ராத்திரி தூக்கம்தான் உடம்பை ஆற்றும் என்று சிஸ்டர் எழுதியிருக்கிறார், அந்தத் தூக்கத்தில் பாதி குழாயடியில். யார் எழுந்து போவது? ஆம்பளைகள் இல்லை, உங்களுக்கே தெரியும்.

பாலாற்று மணல்

டிரம் நண்பர் விட்டதை நான் சேர்க்கிறேன். விட்டு விட்டு வருகிற குழாய்க்கு இன்னொரு கெடுதல் உண்டு. தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், கசிந்தாலும் தண்ணீர் வெளியேதான் போகும். நின்றதும் உள்ளே வெற்றிடம். குழாய் சாக்கடைக்குள் படுத்திருக்கிறது, விரிசல் இருக்கிறது என்றால் சாக்கடை உள்ளே போகும். இதில் நாலு வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். முதலில் வருகிற தண்ணீர் கலங்கலாக வாடை அடிப்பது இதனால்தான். டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் இந்த வழியில் வருகிறவை.

நம் ஊரைப் பற்றி ஒரு விஷயம் இளைஞர்களுக்குத் தெரியவேண்டும். சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா ஆகிய இடங்களில் 2002, 2003-ல் பிறந்த 452 குழந்தைகளை நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ககன்தீப் காங் குழு. மூன்று வயது வரை வீட்டுக்கே போய் ஒவ்வொரு வயிற்றுப்போக்கையும் குறித்துக்கொண்டார்கள். மெக்சிகோவில், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் ஒரு முறை தொற்றிய குழந்தைக்கு அடுத்த முறைக்குக் கிடைத்த பாதுகாப்பு, நம் குழந்தைகளுக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்று 2011-ல் வெளியான முடிவு சொன்னது. இங்கே தொற்று சின்ன வயதிலேயே வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு இந்தியாவிலேயே உருவான ரோட்டா தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் டெல்லி, புனேயோடு வேலூரும் ஒன்று. 2016-ல் ரோட்டா சொட்டு மருந்து தேசிய அட்டவணையில் சேர்ந்தது, அடுத்த வருடம் தமிழ்நாட்டில் வந்தது.

நாடு முழுக்கக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போக இந்தச் சந்துகள் வழி காட்டின. அந்தச் சந்துகளுக்குச் சாக்கடைக்கு வெளியே ஒரு குழாய் போகவில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை.

கஸ்பா வீட்டுப் பொண்ணு

எங்கள் தெருவில் அந்தக் கணக்கில் இருந்த பிள்ளைகள் இப்போது காலேஜ் முடித்து வேலைக்குப் போகிறார்கள். ‘வாராவாரம் அக்காங்க வந்து கேட்பாங்க’ என்று அம்மாக்கள் இன்னும் பிரியமாகச் சொல்வார்கள். குழாய் பற்றி நீங்கள் சொன்னது நிஜம்.

ராணிப்பேட்டை பைபாஸ்

எல்லாரும் குழாயையே பேசுகிறீர்கள், கிணற்றைக் கெடுத்தது யார்? தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது, மாசுபடுத்தியவர்தான் பணம் கட்ட வேண்டும் என்று. எங்கள் பக்கம் குரோமியக் கழிவு இன்னும் குவிந்து கிடக்கிறது. 2015 ஜனவரியில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்தார்கள். கிணறு நன்றாக இருந்தால் குழாய்க்காக ராத்திரி முழிக்க வேண்டாமே?

மட்டுறுத்துநர்

பைபாஸ் சார், விஷயம் பெரியது, இந்த இழைக்குள் அடங்காது. தனி இழை தொடங்குங்கள், மேலே ஒட்டி வைக்கிறேன்.

பாபுராவ் தெரு

லாட்ஜ் நடத்துகிறேன். ‘லாட்ஜ்காரன் தண்ணியை உறிஞ்சிட்டான்’ என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே வந்துவிட்டேன். நாங்கள் லாரித் தண்ணீர் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆனால் ஏழை என்றால் ரேஷன் கார்டு வைத்திருக்கிற உள்ளூர்க்காரர் மட்டும்தானா? வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று வருகிறவர்களில் நிலம் விற்று வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் எத்தனை பேர். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாமல் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். ஜன்னல் இல்லாத அறை, அடுப்புச் சூடு, கூட ஒரு நோயாளி. மாநகராட்சி ஒட்டுகிற வெயில் எச்சரிக்கையும் டெங்கு நோட்டீசும் தமிழில் மட்டும். எங்கள் தெருவில் மருந்துக்கடை போர்டே வங்காளத்தில் இருக்கிறது, அரசாங்க நோட்டீசுக்கு என்ன வந்தது? நான்கு வரி வங்காளத்திலும் இந்தியிலும் போட்டால் எந்தக் கட்சி கோபித்துக்கொள்ளப் போகிறது, உடம்பு விஷயம்தானே.

விருதம்பட்டு

வெயில் மட்டும் இல்லை. 2021 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? பாலாற்றில் லட்சம் கன அடிக்கு மேல் போனது, 1903-க்குப் பிறகு அப்படி ஒரு வெள்ளம் பார்த்ததில்லை என்றார்கள். கொணவட்டத்தில் வீட்டுக்குள் தண்ணீர். காகிதப்பட்டறையில் மலையிலிருந்து பாறை உருண்டு வீட்டின் மேல் விழுந்தது. கோடையில் ஷீட்டுக்குக் கீழே வேகிறவரும், மழையில் சாக்கடைத் தண்ணீரில் நிற்கிறவரும் ஒரே ஆள்தான். இடம் அப்படி. ஏரிக்கரை, கால்வாய்க்கரை, மலைச்சரிவு. நல்ல இடத்துக்கு வாடகை கொடுக்க முடிந்தால் யார் அங்கே போவார்கள்?

மேஸ்திரி

வேலூர்ப் பக்கம் முழுக்கக் கட்டட வேலை பார்க்கிறேன். ஷீட் வீட்டுக்கு உடனடி வழி சுண்ணாம்பு. நன்றாக அடித்தால் உள்ளே 2-லிருந்து 5 டிகிரி வரை குறையும் என்கிறார்கள். நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, ஆனால் அடித்த வீட்டுக்காரர் மறு வருஷமும் கூப்பிடுகிறார்.

செய்முறை: கல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் போட்டுக் கொதித்து அடங்க விடுங்கள். பக்கத்தில் குழந்தைகளை விடக்கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். மறுநாள் துணியில் வடிகட்டி, ஃபெவிகால் கலந்துகொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் முதல் தூறலிலேயே கரைந்து ஓடும். ஷீட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு விஷம். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்தோடு தென்னை விளக்குமாற்றால் பாசியைத் தள்ளுங்கள். வெயில் சாய்ந்த பிறகு இரண்டு பூச்சு. ஏறுகிறவர் நேராக ஷீட் மேல் கால் வைக்கக்கூடாது, போல்ட் அடித்திருக்கிற வரிசை மேல் பலகை போட்டுத்தான் நகர வேண்டும். இரண்டு போல்ட் வரிசைக்கு நடுவில் மிதித்தால் நேரே கீழே வீட்டுக்குள் போவீர்கள். பார்த்திருக்கிறேன். மழை பெய்யும்போது அந்தக் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்காதீர்கள்.

ஒரு மழைக்காலம் தாண்டினால் திரும்ப அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பி அடிக்கிற பெயிண்டே கடையில் விற்கிறது, விலை அதிகம்.

லைன் வீடு 7

மேஸ்திரி அண்ணே, நல்ல யோசனை. எங்கள் வீட்டு ஓனரிடம் போன வருஷமே கேட்டேன், நாங்களே காசு போட்டுக்கொள்கிறோம் என்று. ‘ஏணி வைத்து ஷீட் உடைந்தால் யார் பொறுப்பு’ என்றார். அப்புறம் பக்கத்து லைனில் ஒருத்தர் அடித்தார், ‘வீடு குளுகுளுன்னு இருக்காமே’ என்று மறு மாதமே வாடகையில் 300 ஏற்றிவிட்டார்கள்.

கரண்ட் இன்னொரு கதை. அரசாங்கம் வீட்டுக்கு 100 யூனிட் இலவசம் தருகிறது. லைன் வீட்டில் எட்டுக் குடித்தனத்துக்கு ஓனர் பெயரில் ஒரே மீட்டர். எங்களுக்குச் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். இலவசம் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அதனால் ஃபேன் போடுவதற்கும் யோசனை. சொந்த வீட்டில் ஏசி போடுகிறவருக்கு முதல் 100 யூனிட் இலவசம், எனக்கு ஃபேனுக்கே முழு விலை.

அகழிக்கரை

லைன் வீடு தம்பி எழுதியதை அப்படியே மனுவில் சேர்க்க வேண்டும். சொந்த வீடு உள்ளவருக்குத் திட்டம் இருக்கிறது, பட்டா உள்ளவருக்குக் கூடுதலாக இருக்கிறது, வாடகைக்காரருக்கு ஒன்றும் இல்லை. குடிசையை மாற்ற 3.5 லட்சம் தருகிற கலைஞர் கனவு இல்லம் கிராமத்துக்கு மட்டும். மலையடிவாரப் புறம்போக்கில் இருப்பவர் எதிலும் வரமாட்டார்.

ஃபேன் பற்றி ஒரு எச்சரிக்கை: அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த நேரத்தில் ஈரத்துணியால் கை, கழுத்து, முதுகு துடைத்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றுகிறவர்களுக்கு ஃபேன் இல்லாமல் செய்யக்கூடியதும் இதுதான். கர்ப்பமாக இருப்பவர்கள் கூடுதல் கவனம். நம் தமிழ்நாட்டிலேயே 800 கர்ப்பிணிகளைப் பார்த்த ஒரு ஆய்வில், அதிக வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் இரு மடங்கு என்று தெரிந்திருக்கிறது. ‘அந்தக் காலத்தில் வயலில் பிள்ளை பெற்றோம்’ என்று மாமியார்கள் சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

மனுவில் நான் நினைப்பவை: தண்ணீர் வருகிற நாளும் நேரமும் முன்கூட்டிச் சொல்லப்பட வேண்டும், நடுராத்திரி வேண்டாம். கோடைக்கு முன் ஷீட் வீடுகளுக்கு மாநகராட்சி செலவில் சுண்ணாம்பு, வாடகை வீடு உட்பட, ஓனர் தடுக்கக்கூடாது. நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் கோடையில் ராத்திரியும் திறந்திருக்க வேண்டும், உள்ளே ஒரு குளிர்ந்த அறையோடு. குழாய்த் தண்ணீரில் குளோரின் பரிசோதனை. வேறு?

பாலாற்று மணல்

குளோரின் வரியைத் திருத்துங்கள். ‘பரிசோதனை செய்ய வேண்டும்’ என்று எழுதினால் ‘செய்துகொண்டுதான் இருக்கிறோம்’ என்று பதில் வரும். மேல்நிலைத் தொட்டியடியில் போய், குளோரினை நிறத்தில் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் நாலு சொட்டு விட்டால் எப்போதும் மஞ்சளாகத்தான், அதாவது குளோரின் இருக்கிறது என்றுதான் வரும். தெருக் கடைசி வீட்டுக் குழாயில், அதுவும் தண்ணீர் திறந்துவிட்ட முதல் பத்து நிமிஷத்தில், லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததைத் தெருப் பலகையில் எழுத வேண்டும். இப்படிக் கேளுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

சரி, லைன் வீட்டு மீட்டர் விஷயம் எனக்கு நியாயமாகப் பட்டது. மனுவில் என் பெயரும் போடலாம். வெயில் கூடியதா குறைந்ததா என்பதில் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை, அது வேறு.

ஆனால் சிஸ்டர், உங்கள் இறப்புக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. இறப்பு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரில்தான் பதிவாகும். நம் ஊருக்கு வைத்தியத்துக்கு வந்து இறந்துபோகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் நம் பதிவேட்டில்தான் வருவார்கள். அந்த எண்ணிக்கை கோடைக்குக் கோடை மாறும், வெயிலுக்குச் சம்பந்தமே இருக்காது. அதை வைத்துப் போனால் அதிகாரி ஒரே நிமிஷத்தில் தள்ளிவிடுவார்.

அகழிக்கரை

இதுக்குத்தான் உங்களைப் போல ஒருவர் வேண்டும். இறந்தவரின் நிரந்தர முகவரி வேலூர் மாநகராட்சிக்குள் உள்ளவை மட்டும் என்று கேட்டால்?

காட்பாடி ஜங்ஷன்

அதோடு ‘இறந்த இடம்: வீடு’ என்று பதிவானதைத் தனியாகவும் கேளுங்கள். நீங்கள் சொல்கிற பாட்டி அந்த வரிசையில்தான் வருவார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். பெயர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். வரைவு இதோ:

‘2010 முதல் இன்று வரை, வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் நிரந்தர முகவரி உள்ளவர்களின் இறப்பு எண்ணிக்கையை மாத வாரியாக, வார்டு வாரியாக, வயது மற்றும் பாலின வாரியாக, வீட்டில் இறந்தவர்கள், மருத்துவமனையில் இறந்தவர்கள் எனப் பிரித்து வழங்கவும்.’

கஸ்பா வீட்டுப் பொண்ணு

அண்ணா, வார்டு எல்லை நடுவில் மாறியிருக்கிறது. தெருப் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

சேர்த்தாச்சு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளுக்கு யார் யார் வருகிறீர்கள்? சத்துவாச்சாரி நண்பர் பக்கம்தானே, டோக்கன் போட்டு வையுங்கள்.

சத்துவாச்சாரி பேஸ் 2

போட்டுவிடுகிறேன். மனுவில் மரத்துக்கும் ஒரு வரி விடுங்கப்பா.